மூன்று நாள் வாய்ப்பூட்டு

தீபாவளிப் படம் ஓடவில்லையென்றால் முன்பெல்லாம் மழையைத் திட்டுவார்கள். ஐப்பசி அடைமழை, வங்கக் கடலில் புயல் சின்னம், தியேட்டருக்கு எவன் வருவான் என்று விநியோகஸ்தர் சொன்னால் அதற்கு மறுபேச்சு கிடையாது. இப்போது மழை தப்பித்துக்கொண்டது. தியேட்டர் வாசலில் மைக்கோடு நிற்கும் பையன்கள் அகப்பட்டுக்கொண்டார்கள். அந்த மைக்கில் இரண்டு வரி பேசிவிட்டு பைக்கை எடுக்கப் போகும் ரசிகனும் அவர்களோடு சேர்ந்து குற்றவாளிக் கூண்டில் நிற்கிறான்.

யாரோ ஒரு தயாரிப்பாளர் கைநஷ்டத்தில் புலம்புகிறார் என்று இதை விட்டுவிட முடியாது. 2024 நவம்பரில் தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர் சங்கம் அறிக்கையே வெளியிட்டது. ‘இந்தியன் 2’, ‘வேட்டையன்’, ‘கங்குவா’ மூன்றும் இந்த வாசல் பேச்சால் பாதிக்கப்பட்டன, இனி திரையரங்க வளாகத்துக்குள் யூடியூப் சேனல்காரர்களை விடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டது. அதோடு நிற்கவில்லை. இன்னொரு அமைப்பான நடப்புத் தயாரிப்பாளர்கள் சங்கம் சென்னை உயர்நீதிமன்றத்துக்கே போனது. படம் வெளியான முதல் மூன்று நாள் இணையத்தில் விமர்சனமே வரக்கூடாது என்பது கோரிக்கை. டிசம்பரில் நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்தது. 2025 ஜூனில் மனுவையே தள்ளுபடி செய்தது.

மனுதான் தள்ளுபடியானது. அதற்குள் இருந்த எண்ணம் சௌக்கியமாக இருக்கிறது. இசை வெளியீட்டு விழா மேடைகளில் அதற்குக் கைதட்டல் விழுகிறது. “முதல்ல படத்தப் பாருங்க, அப்புறம் பேசுங்க” என்கிறார் நாயகன். “இது எத்தன பேரோட உழைப்பு தெரியுமா?” என்கிறார் இயக்குநர். போகப்போக டிக்கெட் வாங்குகிறவர்களே இதை நம்ப ஆரம்பித்துவிட்டார்கள். ‘இந்த யூடியூப்காரனுங்களாலதான் சினிமா அழியுது’ என்று டீக்கடையில் தலையாட்டுகிறார்கள். அந்த வாசல் பேச்சைக் கேட்டுத்தான் 2024 தீபாவளிக்கு எந்தப் படத்துக்குப் போவது என்று அவர்களும் முடிவு செய்திருப்பார்கள்.

‘கங்குவா’ நவம்பர் 14 அன்று வந்தது. அதற்குச் சரியாக இரண்டு வாரத்துக்கு முன்னால் தீபாவளி. ‘அமரன்’, ‘பிரதர்’, ‘பிளடி பெக்கர்’ மூன்றும் அன்று வந்தன. தெலுங்கிலிருந்து மொழிமாற்றம் செய்யப்பட்ட ‘லக்கி பாஸ்கர்’ ஓரமாக நாலாவது இடத்தில் இருந்தது. அதே தியேட்டர்கள், அதே வாசல், அதே மைக். வெளியே வந்தவர்கள் ‘அமரன்’ பார்த்து அழுதோம் என்றார்கள். குடும்பம் குடும்பமாகக் கூட்டம் வந்தது, வாரக்கணக்கில் ஓடியது. ‘லக்கி பாஸ்கர்’ நல்லா இருக்கு என்று சொன்னார்கள். குறைந்த காட்சிகளில் ஆரம்பித்த படத்துக்குக் காட்சிகள் கூடின. ‘பிரதர்’ பற்றி வேறு மாதிரி சொன்னார்கள். அது வேறு மாதிரி போனது. அந்த நான்கு நாட்களில் எந்தச் சங்கமும் அறிக்கை விடவில்லை. ‘அமரன்’ வெற்றி விழாவில் “வாசலில் மைக் நீட்டியவர்கள் எங்கள் படத்தின் தலையெழுத்தை மாற்றிவிட்டார்கள், இது நியாயமா?” என்று யாரும் கேட்கவில்லை. பதினான்கு நாள் கழித்து அதே மைக் கொலைக் கருவியாகிவிட்டது.

இங்கே தயாரிப்பாளர் தரப்பு ஒரு பதில் வைத்திருக்கிறது: “அமரன் நல்ல படம், அதனால் ஓடியது.” சரி. அப்படியானால் நல்ல படத்தை வாசல் பேச்சால் ஒன்றும் செய்ய முடியாது என்று அவர்களே ஒத்துக்கொள்கிறார்கள். மீதி என்ன வழக்கு?

இவர்கள் சொல்வது உண்மையென்றால், யூடியூப் இல்லாத காலத்தில் பண்டிகைப் படங்கள் எல்லாம் பிழைத்திருக்க வேண்டும். 1954 சித்திரை முதல் நாளையொட்டி ஏ.வி.எம். ‘அந்த நாள்’ படத்தை வெளியிட்டது. எஸ். பாலச்சந்தர் இயக்கம், சிவாஜி கணேசன், ஒரு பாட்டுகூட இல்லாத படம். இன்று திரைப்படக் கல்லூரியில் காட்டுகிறார்கள். அன்று பாட்டில்லாத படமா என்று ஜனங்கள் முகம் சுளித்தார்கள், வசூல் இல்லை. 1991 தீபாவளிக்கு ‘தளபதி’யும் ‘குணா’வும் ஒரே நாளில் வந்தன. ‘தளபதி’ ஓடியது, ‘குணா’ ஓடவில்லை. 2002 சுதந்திர தினத்துக்கு ‘பாபா’ வந்தது. ரஜினிகாந்தே விநியோகஸ்தர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி ஆனது. எந்த மைக் இதையெல்லாம் செய்தது? பார்த்தவர் பக்கத்து வீட்டில் சொன்னார், பஸ்ஸில் சொன்னார், ஆபீஸில் சொன்னார். அவ்வளவுதான். 1944 தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டதும் இதே பேச்சால்தான். யாரும் அன்று பேச்சுக்குத் தடை கேட்கவில்லை.

எனக்கு இந்த வாதத்தில் மிகவும் பிடித்த சாட்சி இயக்குநர் சுந்தர் சி. அவர் மேடையில் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அவருடைய இரண்டு பொங்கல் படங்கள் போதும்.

2003 பொங்கலுக்கு ‘அன்பே சிவம்’ வந்தது. கமல்ஹாசன், மாதவன். அப்போது யூடியூப் பிறக்கவே இல்லை. அதற்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது. செல்போனில் வீடியோ எடுத்து யாரும் போடவில்லை. படம் விழுந்தது. அந்தப் பொங்கலை விக்ரமின் ‘தூள்’ அள்ளிக்கொண்டு போனது. ‘அன்பே சிவ’த்தை எழுப்பி உட்கார வைத்தது பிற்பாடு வந்த பேச்சுதான். டிவியில் பார்த்தவர்களும், டிவிடியில் பார்த்தவர்களும், கடைசியாக இணையத்தில் எழுதியவர்களும் அதைத் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். இப்போது அதைத் தோல்விப் படம் என்று சொன்னால் இருபது வயதுப் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்.

2025 பொங்கலுக்கு ‘மதகஜராஜா’ வந்தது. 2013 பொங்கலுக்கு வந்திருக்க வேண்டிய படம். பணப் பிரச்சினையில் பெட்டிக்குள் பன்னிரண்டு வருடம் கிடந்தது. சந்தானம் இடையில் நாயகனாகவே ஆகிவிட்டார். படத்தில் சிரிக்கவைத்த மனோபாலா உயிரோடு இல்லை. ‘விடாமுயற்சி’ பொங்கலிலிருந்து விலகியதால் கிடைத்த இடத்தில், கடைசி நேரத்தில் அறிவித்து ஜனவரி 12 அன்று விட்டார்கள். பெரிய விளம்பரம் இல்லை, அதற்கு நேரமும் இல்லை. அந்தப் பொங்கலுக்கு ஷங்கரின் ‘கேம் சேஞ்சர்’ இருந்தது, பாலாவின் ‘வணங்கான்’ இருந்தது. வெளியே வந்தவர்கள் சிரித்துக்கொண்டே வந்தார்கள். “ரொம்ப நாளாச்சு சார் இப்படிச் சிரிச்சு” என்கிற மாதிரிதான் மைக்கில் பேசினார்கள். பொங்கலை ஜெயித்தது பன்னிரண்டு வருடப் பழைய சரக்கு. மூன்று நாள் வாய்ப்பூட்டு அன்று அமலில் இருந்திருந்தால் யோசித்துப் பாருங்கள். பழைய படம், பாதி ஆட்கள் இப்போது வேறு இடத்தில், போஸ்டரைப் பார்த்தால் போகத் தோன்றாது. விடுமுறை முடிந்து ஊர் திரும்பும் பஸ் பிடிக்கும் நாளில்தான் படம் நன்றாக இருக்கிறது என்ற செய்தியே வெளியே வந்திருக்கும்.

ஒரே இயக்குநர், ஒரே பண்டிகை. மைக் இல்லாத பொங்கலில் நல்ல படம் விழுந்தது, பேச்சு பெருத்த பொங்கலில் கைவிடப்பட்ட படம் எழுந்தது.

2019 தீபாவளியையும் சேர்த்துக்கொள்ளலாம். ‘பிகில்’ எதிரே ‘கைதி’ வந்தபோது அதை வெளியிடுவது தற்கொலை என்றுதான் தொழில் பேசிக்கொண்டது. கதாநாயகி கிடையாது, பாட்டு கிடையாது, ஒரே ராத்திரிக் கதை. தியேட்டர்கள் பெரும்பாலும் விஜய் படத்துக்குப் போயிருந்தன. ‘கைதி’க்குக் காட்சிகளைக் கூட்டித் தந்தது போஸ்டர் இல்லை, முதல் நாள் பார்த்தவன். பண்டிகையில் பெரிய நடிகருக்கு எதிரே சின்ன படம் நிற்பதற்கு இருக்கும் ஒரே கைத்தடி இந்த வாய்வார்த்தைதான். அதைத்தான் பிடுங்கச் சொல்கிறார்கள், அதுவும் சின்னத் தயாரிப்பாளர்களும் உறுப்பினராக இருக்கும் சங்கங்களின் பெயரால்.

இனி அந்த மூன்று நாளுக்கு வருவோம். ஏன் மூன்று? ஏழும் இல்லை, ஒன்றும் இல்லை, மூன்று. வெள்ளி, சனி, ஞாயிறு என்பதுதான் விடை. பண்டிகை என்றால் விடுமுறை சேர்ந்து நான்கோ ஐந்தோ. பெரிய படத்தின் வசூலில் பெரும்பங்கு அந்த நாட்களில்தான் வருகிறது. முதல் வாரத்தில் தயாரிப்பாளர், விநியோகஸ்தர் பங்கு அதிகம். வாரம் போகப்போகத்தான் தியேட்டர்காரர் பங்கு கூடும். டிக்கெட்டுக்கு அதிக விலை கொடுக்கும் நாளும் அதுதான். 2024இல் சென்னை மல்டிபிளெக்ஸில் ஒரு டிக்கெட் ஏறக்குறைய 190 ரூபாயாக இருந்தது. நான்கு பேர் குடும்பத்துக்கு 760, ஆன்லைன் கட்டணமும் பாப்கார்னும் வண்டி நிறுத்தும் காசும் தனி. சிற்றூர்களில் முதல் நாள் ரசிகர் காட்சி டிக்கெட், அச்சடித்த விலைக்குக் கிடைக்காது என்பது ஊருக்கே தெரிந்த ரகசியம். ஆக, பணம் அதிகம் போகும் நாட்களில் தகவல் இல்லாமல் வாங்கு, பணம் குறைவாகப் போகும் நாளில் தகவல் தருகிறோம் என்கிறது கோரிக்கை. தீபாவளிக்கு எடுத்த சேலை சாயம் போனால் கடைக்காரர் முன்னால் கொண்டுபோய்ப் போடலாம். படம் சாயம் போனால் யாரிடம் போவது? திருப்பித் தருவதில்லை, மாற்றித் தருவதில்லை. அடுத்தவனை எச்சரிப்பது ஒன்றுதான் பார்த்தவனுக்கு மிச்சம்.

அப்படி அவன் எச்சரித்ததை இந்தத் தொழில் மதிக்கவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். ரகசியமாக நன்றாகவே மதிக்கிறது. ‘இந்தியன் 2’ நீளமாக இருக்கிறது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். வெளியான சில நாட்களில் பன்னிரண்டு நிமிடத்தை வெட்டி எறிந்தார்கள். ‘கங்குவா’வில் காது கிழிகிறது, முதல் அரைமணி நேரம் ஒட்டவில்லை என்று சொன்னார்கள், தயாரிப்பாளரே தியேட்டர்களில் ஒலி அளவைக் குறைக்கச் சொன்னார், பிறகு அதிலும் பன்னிரண்டு நிமிடம் போனது. நாயகன் சூர்யாவின் மனைவி ஜோதிகா, படத்துக்கு எதிரான விமர்சனங்களைக் கண்டித்து எழுதிய பதிவிலேயே முதல் அரைமணி நேரத்தையும் சத்தத்தையும் குறையாக ஒப்புக்கொண்டார். அப்படியானால் வாசலில் நின்ற பையன் சொன்னது சரி. எடிட்டருக்கும் இயக்குநருக்கும் முன்னோட்டக் காட்சி பார்த்த நண்பர்களுக்கும் சொல்லத் தைரியம் வராததை 190 ரூபாய் கொடுத்தவன் சொன்னான். அவன் யோசனையை எடுத்துக்கொண்டு அவன் வாயை மூடச் சொல்வது என்ன கணக்கு?

கூட்டம் குறைந்ததற்கு வேறு காரணம் கண்முன்னே இருக்கிறது. ‘வேட்டையன்’ ஆயுத பூஜை விடுமுறைக்கு அக்டோபர் 10 அன்று வந்தது. நவம்பர் 8 அன்று வீட்டுத் திரைக்கு வந்துவிட்டது. ‘இந்தியன் 2’ ஜூலை 12. ஆகஸ்ட் 9 அன்று ஓடிடியில். நான்கு வாரத்தில் கைப்பேசிக்கே வரும் என்று தெரிந்த மனிதரிடம் “ஒரு தடவ பாக்கலாம்” என்று யாராவது சொன்னால், அந்த ஒரு தடவையை அவர் வீட்டில் வைத்துக்கொள்கிறார். முன்பு இதே “ஒரு தடவ பாக்கலாம்” தியேட்டருக்கு அனுப்பியது. பேச்சு மாறவில்லை, வியாபாரம் மாறியிருக்கிறது. மாற்றியது யார்? ஓடிடி உரிமையை நல்ல விலைக்கு விற்றுக்கொண்டவர்கள். இந்த இடைவெளியை எட்டு வாரமாக்குங்கள் என்று தியேட்டர் உரிமையாளர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அந்தக் கோரிக்கையோடு நீதிமன்றம் போகத் தயாரிப்பாளர்களுக்கு அவசரம் இல்லை.

அடுத்த வாதம் தகுதி. சினிமா பற்றி என்ன தெரியும் இவனுக்கு? பத்திரிகை விமர்சகர் என்றால் பரவாயில்லை, இவன் யார்? பத்திரிகை விமர்சகரை இந்தத் தொழில் எந்தக் காலத்தில் கொண்டாடியது என்று தெரியவில்லை. ‘கர்நாடகம்’ என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதிய கல்கியின் கிண்டலுக்கு அன்றைய ஸ்டுடியோக்கள் பயந்தன. பிறகு விகடன் மார்க் போட ஆரம்பித்தது; ‘16 வயதினிலே’ வாங்கிய அறுபத்திரண்டரையை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறோம், குறைந்த மார்க் வாங்கியவர்கள் மார்க் போடும் வழக்கத்தையே திட்டினார்கள். விமர்சகர் படித்தவராக இருந்தால் “ஜனங்க ரசனை உனக்குத் தெரியாது” என்பார்கள்; ஜனமே பேசினால் “சினிமா உனக்குத் தெரியாது” என்பார்கள்.

வாசல் பேச்சு ஆழமானது என்று நான் சொல்லவில்லை. ‘வேற லெவல்’, ‘மொக்க’, ‘செகண்ட் ஹாஃப் லேக்’ என்று மூன்று வார்த்தைக்குள் மூன்று மணி நேரத்தை அடக்கிவிடுகிறார்கள். பேசுகிறவர்களில் பெரும்பாலும் இளவட்டங்கள், ஓரமாகப் போகும் பெண்களிடம் மைக் போவதே குறைவு, போனாலும் “குழந்தைங்களோட பாக்கலாமா?” என்ற ஒரு கேள்வியோடு சரி. ஆனால் வீட்டில் டிக்கெட் போடுகிற ஆளுக்கு அன்று தேவைப்படுவது அந்த ஒரு கேள்விக்கு விடைதான். வெட்டுக்குத்து அதிகமா, இரட்டை அர்த்தம் இருக்கிறதா, அம்மாவைக் கூட்டிப்போனால் நெளிய வேண்டியிருக்குமா? டிரெய்லர் இதைச் சொல்லாது. விமர்சனக் கட்டுரையும் பெரும்பாலும் சொல்லாது. அழகியல் பிறகு பேசிக்கொள்ளலாம்.

தயாரிப்பாளர் தரப்புக்கு உண்மையான ஒரு மனக்குறை இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. இந்த நடிகரின் ரசிகர்கள் அந்த நடிகரின் படத்துக்கு முதல் காட்சி முடியும் முன்பே ஒப்பாரி வைக்கிறார்கள். படம் பார்க்காதவன் பார்த்தது போலப் பேசுகிறான். நடிகையின் உடம்பைப் பற்றி, இயக்குநரின் குடும்பத்தைப் பற்றி அசிங்கமாகப் பேசுவதற்கு விமர்சனம் என்று பெயர் வைக்கிறார்கள். காசு கேட்டு மிரட்டுகிறார்கள் என்ற புகாரும் உண்டு. கேரளத்தில் இது 2023இல் உயர்நீதிமன்றம் வரை போனது. கொச்சியில் போலீஸ் வழக்கும் பதிவானது. நீதிமன்றத்துக்கு உதவ நியமிக்கப்பட்ட வழக்கறிஞர், முதல் 48 மணி நேரம் விமர்சகர்கள் பொறுத்திருக்கலாம் என்று 2024இல் யோசனை சொன்னார். யோசனை வந்த அதே ஆண்டில் ‘பிரேமலு’, ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’, ‘ஆவேசம்’ என்று மலையாளப் படங்கள் வரிசையாக ஓடின. யாரும் 48 மணி நேரம் பொறுக்கவில்லை. ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ தமிழ்நாட்டில் மலையாளத்திலேயே கூட்டம் சேர்த்தது. 1991 தீபாவளியில் தோற்ற ‘குணா’வின் குகையையும் பாட்டையும் நம்பி எடுத்த படம் அது. அதைப் பற்றிய பேச்சு ‘குணா’வையே மறுபடி தியேட்டருக்குக் கொண்டுவந்தது.

அவதூறுக்குச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. மிரட்டிப் பணம் கேட்டால் அதற்கும் இருக்கிறது. திரையைக் கைப்பேசியில் படம் பிடித்தால் 2023 திருத்தச் சட்டப்படி குறைந்தது மூன்று மாதச் சிறையும் மூன்று லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கலாம். அந்தச் சட்டத்தை முதல் காட்சியிலேயே மீறுகிறவன் யார்? நாயகன் அறிமுகக் காட்சியைப் படம் பிடித்து, விசில் சத்தத்தோடு பரப்பும் ரசிகன். அவன்மேல் எந்தத் தயாரிப்பாளரும் புகார் கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை, அது ஓசி விளம்பரம். புகார் எல்லாம் வெளியே வந்து வெறும் வாயால் பேசியவன்மேல்தான்.

தடை போட்டாலும் நடக்காது என்பது இன்னொரு கதை. 2023 பொங்கலுக்கு ‘துணிவு’ம் ‘வாரிசு’ம் மோதிய அன்று, சென்னையில் லாரி மேல் ஏறி ஆடிய இளைஞர் ஒருவர் விழுந்து இறந்தார். அதன் பிறகு தமிழ்நாட்டில் பெரிய படங்களுக்கும் முதல் காட்சி காலை ஒன்பது மணி என்றாகிவிட்டது. அது நியாயமான கட்டுப்பாடு, அதில் எனக்குப் பேச்சில்லை. ஆனால் ‘ஜெயிலர்’ வந்த அன்று கேரளத்திலும் கர்நாடகத்திலும் காலை ஆறு மணிக்கே படம் ஓடியது. பெங்களூரில் ஐ.டி. வேலை பார்க்கும் தம்பி இடைவேளையில் வாட்ஸப்பில் அனுப்பிவிடுவான். இங்கே அண்ணன் அப்போதுதான் குளித்துக்கொண்டிருப்பார். எந்த வாசலில் காவலாளியை நிறுத்தப்போகிறார்கள்? தியேட்டர்காரர் தன் வளாகத்துக்குள் கேமராவை விடாமல் இருக்கலாம், அது அவர் இடம். கேட்டுக்கு வெளியே ரோடு அவருடையதில்லை.

எல்லாவற்றையும்விட உறுத்துவது வேறொன்று. ‘ஒரே ஒரு கிராமத்திலே’ என்றொரு தமிழ்ப் படம். இடஒதுக்கீட்டை எதிர்த்துப் பேசுகிறது என்று எதிர்ப்பு கிளம்பியது; சென்னை உயர்நீதிமன்றம் தணிக்கைச் சான்றிதழையே ரத்து செய்தது. தயாரிப்பாளர் எஸ். ரங்கராஜன் உச்சநீதிமன்றம் போனார். எதிர்ப்புக்குப் பயந்து கருத்தை அடக்க முடியாது என்று 1989இல் தீர்ப்பு வந்தது. இன்றுவரை நாட்டில் எந்தப் படத்துக்குத் தடை வந்தாலும் வழக்கறிஞர்கள் முதலில் எடுத்து நீட்டுவது அந்தத் தமிழ்த் தயாரிப்பாளர் வாங்கிக்கொடுத்த தீர்ப்பைத்தான். பிடிக்காதவர்கள் எவ்வளவு கத்தினாலும் சொல்ல வேண்டியதைச் சொல்ல உரிமை உண்டு என்று தனக்காக வாதாடி ஜெயித்த தொழில், தன் படத்தைப் பார்த்தவன் மூன்று நாள் பேசக்கூடாது என்று அதே ஊர் நீதிமன்றத்தில் மனுப் போட்டது. படத்தின் கருத்து மேலிருந்து கீழே வரலாம், கீழிருந்து மேலே போகக்கூடாது என்றால் அந்த உரிமையின் பெயர் வேறு.

மௌனம் வேண்டும் என்கிற தயாரிப்பாளர்கள் முதலில் தாங்கள் மூன்று நாள் மௌனமாக இருந்து காட்டட்டும். மறுநாள் காலை தினசரியில் ‘மாபெரும் வெற்றி’ என்று முழுப்பக்க விளம்பரம் வேண்டாம். போஸ்டரில் கோடிக் கணக்கு வேண்டாம். கூலி கொடுத்துப் போடவைக்கும் பாராட்டுப் பதிவுகள் வேண்டாம், மூன்றாம் நாள் கேக் வெட்டும் சக்சஸ் மீட் வேண்டாம். அடுத்த பொங்கலுக்கு ஒரு படமாவது அப்படி வரட்டும். அதன் பிறகு டிக்கெட் வாங்கியவனிடம் வந்து கேட்கட்டும். அதுவரை, படம் முடிந்து வெளியே வருகிறவர்களே, மைக் நீண்டால் பார்த்ததைப் பார்த்தபடி சொல்லுங்கள்.